சுருண்டதெல்லாம் அம்மோனைட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுருள் வடிவப் புதைபடிவம் எதைக் கண்டாலும், கணவாய் இனத்தைச் சேர்ந்த அற்றுப்போன கடலுயிரான அம்மோனைட் என்று சொல்லிவிடுகிறோம். பூசையறைச் சாளக்கிராமத்தில் பதிந்திருப்பது அதுதான் என்பதால், அந்தப் பெயர் எளிதில் வாயில் வருகிறது போலும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சேர்க்கும் கற்களுக்குள் பெல்லரோஃபான் என்ற வேறொரு பழங்கால ஓட்டுயிரும் அதே பெயரில் நுழைந்துவிடுகிறது. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. 1808இல் பெல்லரோஃபானுக்குப் பெயரிட்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் டெனி டி மோன்ஃபோரே அதை, கணவாய் இனத்து ஓட்டுயிரான நாட்டிலஸின் உறவு என்றுதான் நினைத்தார்.

கடலுணவுக் கடையில் கிடைக்கும் கோங்கோங் சங்கின் ஓடு கூம்பாக முறுக்கிச் செல்லும். பெல்லரோஃபான் கொசுவத்திபோல் ஒரே தளத்தில் சுருளும். ஆனால் கடைசிச் சுற்று முந்தைய சுற்றுகளை மூடிவிடும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும். வாய் விளிம்பின் நடுவில் ஒரு பிளவு உண்டு. அபலோன் ஓட்டின் துளைகளைப்போல, கழிவுநீர் வெளியேற அது வழிவிட்டது. ஓடு வளர வளரப் பிளவின் பின்பகுதி அடைபட்டு, முதுகில் ஒரு பட்டையாகத் தொடரும். 10 மடங்கு உருப்பெருக்கியும், சாய்த்துப் பிடித்த கைவிளக்கும் இருந்தால் அதிலுள்ள பிறைக்கோடுகள் தெரியும்.

ஓடு கரைந்து, உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகியிருந்தால் பட்டையைக் காண முடியாது. அப்போது உடைந்த பக்கத்தைப் பாருங்கள்: அம்மோனைட்டுக்குள் குறுக்குச் சுவர்கள் இருக்கும், பெல்லரோஃபான் ஒரே குழாய். இதிலும் ஏமாற வாய்ப்புண்டு. அம்மோனைட்டின் கடைசி அறையில் சுவரே கிடையாது. அந்தத் துண்டு மட்டும் கிடைத்தால் குழப்பம்தான். வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டாம். சுண்ணாம்பு கரைந்து நுண்கோடுகள் அழிந்துவிடும். தண்ணீரும் மென்தூரிகையும் போதும்.

பெல்லரோஃபான் நத்தையா, வேறு இனமா என்ற வகைப்பாட்டு வழக்கு இன்னும் தீரவில்லை. நத்தையின் உடல் இளம்பருவத்தில் 180 பாகை திரும்புகிறது. பெல்லரோஃபானும் திரும்பியிருந்தால் பிளவு தலைக்கு மேலே இருந்திருக்கும், அது நத்தை. திரும்பாவிட்டால் பிளவு பின்பக்கம், உடல் திரும்பாத ஓட்டுயிர்களான மோனோபிளாக்கோஃபோராவுக்கு நெருக்கம். மெல்லுடல் எஞ்சாததால், பட்டையை மறைத்த அதே சேற்றுவார்ப்பில் பதிந்த தசைத் தழும்புகளே முக்கியச் சாட்சி. பெல்லரோஃபானில் ஒரு சோடித் தழும்பே உள்ளது. நத்தைக் கட்சியே எனக்கு வலுவாகத் தெரிகிறது. பல சோடித் தழும்புள்ள, தோற்றத்தில் ஒத்த ஓடுகளை அதனுடன் சேர்த்ததால்தான் இவ்வளவு சண்டையும்.

கல் வாங்கும்போது பாறையின் வயதைக் கேளுங்கள். 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் தப்பிய சில பெல்லரோஃபான் வகைகளும் அடுத்து வந்த ட்ரையாசிக் காலத்தின் தொடக்கத்திலேயே அற்றுப்போயின. அதற்கும் பிந்தைய ஜுராசிக் காலத்துக் கல் என்றால் அது பெல்லரோஃபான் இல்லை.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்