அந்த ஆறு விநாடிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொலைக்காட்சிப் பகுதியில், தொடர் முடிந்து தயாரிப்பு நிறுவனத்தின் "பொம்மைச் சின்னம்" ஓடுவதற்குள் ரிமோட்டைத் தேடி எடுத்துவிடலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் தங்கள் இதழை இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் படித்துவரும் எனக்கு, அந்த வரியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

1990களின் தொடக்கத்தில் இங்கே மும்பை அந்தேரியில் ஓர் அனிமேஷன் கூடத்தில் வேலை பார்த்தேன். குத்துவிளக்கின் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் முதல் எழுத்தாக மாறும் ஆறு விநாடிச் சின்னம் ஒன்றை அங்கே செய்தோம். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆறு விநாடிக்கு 150. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 75 படங்களைக் கையால் வரைந்தாக வேண்டும். அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸில் தாளை வைத்து வரைந்து, வரைந்த கோடுகளை 'செல்' எனும் ஒளிபுகும் தகட்டின் முன்பக்கத்தில் எடுத்து, அவை மறையாதபடி வண்ணத்தைப் பின்பக்கத்தில் பூசுவோம். சுடரின் நுனி மயிரிழை பிசகினாலும் திரையில் விளக்கு வெட்டி வெட்டி எரியும் என்பதால், நுனியை மட்டும் மூன்று முறை மாற்றி வரைந்தேன். தொடரின் டைட்டிலில் எங்கள் பெயர் கிடையாது. அந்தச் சுடர்தான் எங்கள் கையெழுத்து.

இந்தி தெரியாத என் தாயார், தொடர் முடியும் நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நிற்பார். சில மாதங்களில் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று சேனல்காரர்கள் அதை மூன்று விநாடியாக வெட்டினார்கள். சாய்ந்த சுடர் நிமிர்வதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடும். "விளக்க அணைச்சுட்டாங்களேடா" என்றார் அம்மா. அதன்பின் அவர் வந்து நிற்கவில்லை.

அமெரிக்காவின் எம்.டி.எம். என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம், எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் கர்ஜிக்கும் சிங்கத்தைப் போல் தன் தொடர்களின் முடிவில் மியாவ் என்று கத்தவிட்ட மிம்ஸி பூனையைப் பற்றி இதே பகுதியில் முக்கால் பக்கம் வந்தது. காவல்துறைத் தொடரில் தொப்பியும் மருத்துவமனைத் தொடரில் முகக்கவசமுமாக அது வந்ததை நானும் ரசித்தே படித்தேன். ஆனால் 2009இல் தூர்தர்ஷனின் பொன்விழாக் கட்டுரையில், அதன் சின்னத்துக்கு இசை தந்த பண்டிட் ரவிசங்கரைக் குறிப்பிட்ட தாங்கள், கண் போன்ற அந்தச் சின்னத்தை வடிவமைத்த, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தேவாசிஸ் பட்டாச்சார்யாவைக் குறிப்பிடவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். தாங்கள் அதை வெளியிடவில்லை.

இன்று செயலிகளில் சின்னம் தோன்றும் முன்பே அடுத்த பகுதி ஓடத் தொடங்கிவிடுகிறது. அதைத் தங்களால் நிறுத்த முடியாது. தங்கள் வாராந்திர நிகழ்ச்சி அட்டவணையில், தொடரின் பெயருக்குக் கீழே தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் அச்சிடுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் பொடி எழுத்தில் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செம்பூர், மும்பை