மாற்றுக் கட்டணம் 0, அதற்குக் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான டிக்கெட்டில் தேதி மாற்றினால் கட்டணம் கிடையாது என்ற செய்தியை உங்கள் இதழில் படித்தேன். 2020 ஆகஸ்ட் கடைசியில் யுனைடெட் விமான நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களுக்கு வாங்கிவந்த 200 டாலர் மாற்றுக் கட்டணத்தை நீக்கியது. மறுநாளே டெல்டா, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் மிக மலிவான டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நம்மில் பலர் தேடித் தேடி வாங்குவதோ அதைத்தான்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். போன டிசம்பரில் என் பெரியண்ணன் தவறிப்போனார். முகம்தான் பார்க்க முடியாது, கருமாதிக்காவது போய்ச் சேரலாமே என்று ஏஜென்டிடம் ஓடினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். 'மாற்றுக் கட்டணம் 0' என்றிருந்தது. அதற்குக் கீழேயே, 'கட்டண வித்தியாசம் 9,640 ராண்ட்'. ஒரே விமானத்தில் மலிவான இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும், பள்ளி விடுமுறை வேறு, மிச்சமிருப்பது விலை கூடியதுதான் என்று விளக்கினார். கடன் வாங்கிக் கட்டினேன். கருமாதிக்கு முந்தின இரவு கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன்.

நம் நாட்டின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்துசெய்யும் உரிமையைத் தருகிறது. நிறுவனம் நியாயமான தொகையை மட்டுமே பிடித்துக்கொள்ளலாம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ ஒன்றும் பிடிக்கக் கூடாது. இது தெரியாமல் பணத்தை விட்டுவிட்டு வருபவர்கள் சாட்ஸ்வர்த்தில் எத்தனையோ பேர். ஆனால் கூடப் பிறந்தவரின் சாவு அந்தப் பிரிவில் வராது. நம் வீடுகளில் அவசரமாகத் தேதியை மாற்றுவது பெரும்பாலும் அங்கே ஒருவர் கண்ணை மூடியதால்தானே?

அப்பா, அம்மா, உடன்பிறந்தார் இறப்புச் சான்றிதழைக் காட்டினால் வித்தியாசத் தொகையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மனமில்லாத நிறுவனம், 'கட்டணமில்லை' என்ற எழுத்து இருக்கும் அதே அளவில் 'வித்தியாசம் உண்டு' என்பதையும் டிக்கெட் விற்கும்போதே காட்டட்டும். டிசம்பர் விடுமுறைக்கு ஜனங்கள் டிக்கெட் போடத் தொடங்குமுன் அந்த 17ஆம் பிரிவை எளிய தமிழில் உங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்.