பாயைச் சுருட்டி வைக்காதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ போனில், "யோகாசனம் எனக்குச் சரிவராதம்மா, ஐந்து நாள் செய்தேன், நாரி இன்னும் மோசமாகப் பிடித்துவிட்டது" என்று சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ அவசரத்தில் இருப்பாய், பிறகு இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வரும், அதனால் எழுதுகிறேன். வேலையால் வந்து ஆறுதலாக இருக்கும்போது வாசி.

முதலில் நாரி, அந்த அடிமுதுகு நோ. ஒரு மணித்தியால வீடியோவைப் போட்டு, அதில் அந்தப் பெண் காலை நீட்டிக்கொண்டு குனிந்து பாதத்தைப் பிடித்ததைப் பார்த்து நீயும் பிடித்திருக்கிறாய். இரவு முழுக்க முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, திருப்பி, படுக்கவைத்துவிட்டு வந்த உடம்பு அது. தொடையின் பின்பக்கம் இறுகிப்போயிருக்கும்போது முழங்காலை மடக்காமல் குனிந்தால் இடுப்பு அசையாது, அதற்குப் பதிலாக நாரிதான் வளைந்து கொடுக்கும், நோவும் அங்கேதான் வரும். முழங்காலை நன்றாக மடக்கிக்கொள். இப்போதைக்குக் குனிவதையே விட்டுவிடு. கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குவதை மூச்சோடு சேர்த்து எட்டுத் தரம் செய். அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கிட. அவ்வளவுதான். நோ காலுக்குள் இறங்கினாலோ, கால் விறைத்தாலோ, யோகாசனத்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போ. இதைக் கட்டாயம் கேள்.

இப்போது உண்மையாகச் சொல்ல வந்தது. நீ ஐந்து நாளில் விட்டதற்கு உன் உடம்பு காரணமில்லை பிள்ளை. நானும் விட்டிருக்கிறேன்.

நான் வகுப்புக்குப் போகத் தொடங்கியது உனக்குத் தெரியும், சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகு. கிழமைக்கு மூன்று நாள், ஒரு மண்டபத்தில், பத்துப் பன்னிரண்டு பெண்கள். கொரோனாவில் நின்று மறுபடி தொடங்கிய வகுப்பு, 2022 இல் பெற்றோல் இல்லாமல் அடியோடு நின்றுபோனது. ஆசிரியை உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், எரிபொருள் வரிசையில் நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காத காலம். வகுப்பு நின்ற அன்றைக்கே என் யோகாசனமும் நின்றது. பன்னிரண்டு நிலை சூரிய நமஸ்காரமும் எனக்கு மனப்பாடம், ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், ஆனாலும் வீட்டில் ஒரு நாள்கூடச் செய்யவில்லை. அப்போதுதான் விளங்கியது, அது வகுப்பின் பழக்கம், அந்தப் பெண்களின் சிரிப்பும் பேச்சும் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, என்னுடையது என்று ஒன்றும் உருவாகவில்லை.

அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது ஞாபகமா? காற்றாடி இல்லாமல் நித்திரை கொள்ள முடியாமல், விறாந்தைச் சிமெந்துத் தரையில் ஒரு பன்பாயைப் போட்டுப் படுத்தேன். கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. சும்மா கிடக்கும்போது வயிற்றில் கை வைத்து மூச்சைக் கவனித்தேன், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன். மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடும்போது நெஞ்சுப் படபடப்புத் தானாகக் குறைகிறது, அது நரம்புமண்டலம் செய்கிற வேலை, செய்து பார்த்தால் உனக்கே தெரியும். அன்றிரவு நித்திரை வந்தது. விடிய எழும்பியபோது பாய் அங்கேயே கிடந்தது, தேத்தண்ணி வைக்கப் போகுமுன் அதில் இருந்து கொஞ்சம் முதுகை நிமிர்த்தினேன். மறுநாளும் பாயை எடுக்கவில்லை. அதுதான் தொடக்கம், இன்றைக்கும் அந்த மூலையில்தான்.

ஆக, பாயைச் சுருட்டாதே. உன் அறை சின்னதென்று தெரியும், கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவே விரித்தபடி விட்டுவிடு, மிதித்துக்கொண்டு நட, பரவாயில்லை. மணிக்கூட்டை வைத்தும் நேரம் குறிக்காதே. உனக்கு ஒரு கிழமை இரவு வேலை, மறு கிழமை பகல், "விடிய ஐந்து மணிக்கு" என்று யாரோ சொல்வது உனக்குப் பொருந்தாது. எனக்குத் தேத்தண்ணிக்கு முன் என்பது போல உனக்கு வேலை உடுப்பைக் கழற்றிய கையோடு என்று வைத்துக்கொள். எந்த நேரம் வந்தாலும் உடுப்பு மாற்றத்தானே வேண்டும். வயிறும் அப்போது காலியாக இருக்கும், சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் செய்வது நல்லதில்லை. பத்து நிமிடம் போதும். முடியாத நாளில் பத்து மூச்சு, பாயில் இருந்து பத்தே பத்து மூச்சு, அதுவும் செய்த நாள்தான்.

லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009 இல் வெளிவந்தது. ஒரு பழக்கம் யோசிக்காமல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்ததாம், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. எனக்குப் பிடித்தது, இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்று அவர்கள் கண்டதுதான். நீ ஐந்து நாள் செய்துவிட்டு ஆறாம் நாள் தவறியதும் "எனக்குச் சரிவராது" என்றாயே. தவறியது ஒரு நாள், நீ விட்டது முழுவதையும்.

இன்னொன்றும் சொன்னாய், அங்கே வகுப்புக்குப் போனபோது எல்லாரும் உன்னைவிட நன்றாக வளைந்தார்கள், வெட்கமாக இருந்தது என்று. ஏன் வெட்கம்? யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் அசையாமலும் சுகமாகவும் இருப்பது, வளைவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இது உனக்கு அந்நியமான ஒன்றும் இல்லை. யோக குரு சிவானந்தரின் சீடர் சச்சிதானந்த சுவாமி 1950களில் நம் திருகோணமலையில் ஆச்சிரமத்தில் இருந்து யோகம் கற்பித்தவர். அதே சுவாமிதான் பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1969 இல் வூட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசினார். நீ நடந்து திரிந்த ஊரிலிருந்து போன ஒருவர் அங்கே கற்பித்ததைத்தான் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். அடுத்த முறை முன்வரிசையில் பாயைப் போடு. ஆனால் தலைகீழாக நிற்கச் சொன்னால் நிற்காதே, நம் வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் அதிகம், முதலில் அளந்து பார்த்துவிட்டு வா.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாய். சீனி வருத்தம் போகவில்லை, குளிசையும் நிற்கவில்லை. யோகா செய்தால் மருந்து தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் தரையில் இருந்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழும்புகிறேன். கோணேசர் மலைப் படியில் இடையில் ஒருமுறைதான் நிற்கிறேன், முன்பு நாலு தரம் நிற்பேன். இரவில் உன்னை நினைத்து நித்திரை முறிந்தால் அந்த நாலும் ஆறும் எண்ணுகிறேன், மறுபடி நித்திரை வருகிறது.

சரி, ஒரு ஏற்பாடு செய்வோமா? மற்ற நாளெல்லாம் உன்னுடையது, நான் கேட்கமாட்டேன். கிழமைக்கு ஒரு நாள் மட்டும், உனக்குச் சனி இரவு 8 மணி, எனக்கு ஞாயிறு விடிய 5.30, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அவரவர் பாயில் இருப்போம். கதைக்க வேண்டாம். நவம்பரில் அங்கே நேரம் மாறினால் எனக்கு 6.30 ஆகிவிடும், அதுவரை தேத்தண்ணி குடிக்காமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா