பெருங்கொடை கேட்க ஆள் எடுக்கும் முன்: எல்லையோர மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் இருக்கும் நம் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பெரிய நன்கொடைகளைத் திரட்ட ஒரு முழுநேர அதிகாரியை எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு சந்தோஷப்பட்டேன். பல வருஷத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய காரியம். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி, நோயாளி கட்டும் பில்லை மட்டும் நம்பி ஓட முடியாது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆராய்ச்சி நடக்க வேண்டும், கையில் காசில்லாமல் வருகிறவரையும் படுக்கையில் சேர்க்க வேண்டும். ஆனால் உங்கள் விளம்பரத்தைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

எம்.பி.ஏ. பட்டம், விற்பனைத் துறையில் அனுபவம், முதல் ஆண்டிலேயே எட்ட வேண்டிய இலக்கு, திரட்டும் தொகையில் சதவீத ஊக்கத்தொகை. நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான். இந்த நிபந்தனைகளோடு ஆள் எடுத்தால், வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு வருஷத்தில் ஊரின் நம்பிக்கையைச் செலவழித்துவிட்டுப் போய்விடுவார். நான் பணிக்காலம் முழுக்க மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள். பில்லில் சலுகை கேட்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்தவள். கொடுக்க வந்தவர்களையும் அதே மேஜையில்தான் பார்த்தேன்.

முதலில் அந்த சதவீதத்தை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் தொடங்கி நன்கொடை திரட்டுபவர்களுக்கென்றே இயங்கும் ஏ.எஃப்.பி. என்ற தொழில்முறைச் சங்கம், திரட்டும் தொகையில் கமிஷன் வாங்குவதைத் தன் நெறிமுறையிலேயே தடுத்திருக்கிறது. காரணம் எளிது. ஒருவர் தன் தாயின் நினைவாகக் கொடுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கேட்டவரின் பைக்குப் போகிறது என்று தெரிந்தால், அந்த வீட்டில் அடுத்த தலைமுறையும் நம் வாசல்படி ஏறாது. நல்ல சம்பளம் கொடுங்கள், தாராளமாகவே கொடுங்கள். ஆனால் மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.

அடுத்தது அவகாசம். வேலூரில் நடந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இந்த வேலைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கியவர் ஐடா ஸ்கடர். 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடித்த அவரிடம், வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டச் சொன்னார்கள். அவர் நியூயார்க்கில் ஹாரியட் டேபர் என்ற அம்மையார் வீட்டில் உட்கார்ந்து பேசியது, பக்கத்து அறையில் இருந்த ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளரின் காதில் விழுந்தது. அவர் மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு விவரம் எல்லாம் விசாரித்து, காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது. வேலூரில் ‘ஷெல்லுக்குப் போறேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஐடாவிடம் வண்ணப் புத்தகம் எதுவும் இல்லை. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோன மூன்று பெண்களைப் பற்றித்தான் அவரிடம் சொல்ல இருந்தது. பிறகு அதே அம்மாள்தான் மாட்டுவண்டியிலும் காரிலும் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார். கொடுத்தவரின் பணம் எங்கே போனது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

நீங்கள் எடுக்கப் போகிறவருக்கும் அப்படிச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அது வார்டில் நடமாடினால்தான் கிடைக்கும், கேட்டால்தான் கிடைக்கும். முதல் ஆண்டு அவர் ஒரு பைசா கூடத் திரட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு, மூன்று வருஷம் பொறுங்கள்.

இந்த எல்லை நாட்டில் யார் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்பதை வெளியூர்க்காரர் கற்றுக்கொள்வதற்குள் வெறுத்துப் போய்விடுவார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் வியாபாரக் குடும்பங்கள் ரமலான் மாதத்தில் ஜகாத், அதாவது சொத்தில் கட்டாயம் கொடுக்க வேண்டிய தர்மம், கணக்குப் பார்ப்பார்கள். ஜகாத் பணம் யார் யாருக்குச் சேரலாம் என்று குர்ஆனிலேயே எட்டு வகையினரைச் சொல்லியிருக்கிறது. அதனால் அதைக் கட்டடத்துக்குக் கேட்பது தப்பு. ஏழை நோயாளியின் சிகிச்சைக்குக் கேட்கலாம், தனிக் கணக்கில் வைக்க வேண்டும், கையிருப்பாகத் தேக்கி வைக்காமல் செலவழித்துவிட்டு விவரம் சொல்ல வேண்டும். இது தெரியாத ஒருவர் ரமலானில் போய் ‘புதுக் கட்டடத்துக்கு உங்கள் பெயர் வைக்கிறோம்’ என்று பேசினால், எதிரில் இருப்பவர் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிடுவார். அத்தோடு சரி.

சித்தூர் பக்கம் மாங்கூழ் ஆலைக்காரர்களை ஆனி மாதத்தில் போய்ப் பார்க்கவே கூடாது. தோத்தாபுரி மாம்பழ லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் நேரம் அது. 2025-இல் விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், ஆந்திர அரசு 4 ரூபாய் என்று பேசி முடித்த ஆண்டில் விவசாயியும் சிரமப்பட்டார், ஆலைக்காரரும் திணறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது தோல் பொருள் ஏற்றுமதியாளர்களை அடித்தது. ஐந்து தவணையில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் மூன்றாவது தவணையில் தடுமாறும்போது, ‘பரவாயில்லைங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல அந்த அதிகாரிக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இலக்குக் கணக்கில் கழுத்தைப் பிடித்தால் அவரால் அப்படிச் சொல்ல முடியாது.

அப்புறம் கோயில் கட்டளைகள். இன்ன நாளில் இன்ன பூஜைக்கு என்று தாத்தா எழுதி வைத்த கட்டளையைப் பேரன் இன்றைக்கும் நடத்துகிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய. முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்துவது அவர்களுக்குப் புதிதில்லை. வருஷத்துக்கு இத்தனை குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை என்று ஒரு மூலநிதியை அவர்களிடம் விளக்க அரை மணி நேரம் போதும். ஆனால் தமிழிலும் தெலுங்கிலும் விளக்க வேண்டும், முடிந்தால் உருதிலும் நாலு வார்த்தை பேச வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். பலமநேர் பக்கத்திலிருந்து ஒரு தக்காளி மண்டிக்காரர், மாநில எல்லையில் சைனகுண்டா சோதனைச் சாவடி தாண்டி வந்தவர், தன் அம்மாவைக் கடைசி வரை எங்கள் வார்டில் வைத்துப் பார்த்தார். அம்மா போய்விட்டார். கருமாதி முடிந்து வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்து நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கவுண்டரில் இருந்த பையன், ‘மஞ்சள் பட்டா பேங்க்ல திருப்பிடுவாங்க சார், வேற செக் கொடுங்க’ என்றான். அவன் தன் வேலையைத்தான் பார்த்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தார், ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் வீட்டுக்கு ஒரு அச்சடித்த கடிதம் போயிருக்கிறது. நோயாளி பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, இறந்துபோன அந்த அம்மாவின் பெயருக்கே. ‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், தொடர்ந்து ஆதரவு தாருங்கள்’ என்று. அதை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது கோபப்படவில்லை. ‘இது வேணாம்மா’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நீங்கள் எடுக்கப் போகிறவரின் வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. புதிதாகப் பத்து பணக்காரர்களைக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கெனவே நம்மிடம் வந்துபோனவர்களை மனுஷர்களாக நடத்துவது. பணம் வந்த பிறகு என்ன ஆனது என்று நேரில் போய்ச் சொல்வது. யாருடைய பெயரில் அறுவை சிகிச்சை நடந்தது என்று வருஷா வருஷம் தெரியப்படுத்துவது.

இனி, கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டிய விஷயம். மருத்துவக் கல்லூரிக்குப் பெரிய தொகை கொடுக்கிறார் என்றாலே ‘யாருக்கு சீட்?’ என்றுதான் நம் ஊரில் முதல் கேள்வி வரும். மக்களைக் குறை சொல்ல முடியாது, பார்த்த அனுபவம் அப்படி. ஆந்திராவில் 1983-லும் தமிழ்நாட்டில் 1992-லும் கட்டாய நன்கொடைக்கு எதிராகத் தனிச் சட்டம் போட வேண்டிய நிலைமை வந்தது. அதே 1992-இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. ஆகவே இந்த அதிகாரியின் அறை மாணவர் சேர்க்கைப் பிரிவுக்குப் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. மாணவர் சேர்க்கை நடக்கும் மாதங்களில் விண்ணப்பித்த குடும்பத்திடமிருந்து ஒரு ரூபாயும் வாங்குவதில்லை, மேனேஜ்மென்ட் கோட்டா பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் வேலை போகும் என்று நியமன உத்தரவிலேயே எழுதுங்கள், அதை வெளியேயும் சொல்லுங்கள். இதனால் சில கோடிகள் வராமல் போகலாம். போகட்டும்.

படுக்கையருகே போய்க் கேட்பதும் கூடாது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் நன்றியோடு திரும்பும் நோயாளிகளிடம் கேட்பதை ஒரு தனித் துறையாகவே நடத்துகின்றன, அதற்கு அங்கே விதிகளும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. மருத்துவர் தன் சொந்த நோயாளியிடம், அதிலும் சிகிச்சை நேரத்தில், பணம் கேட்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது. அந்த ஏற்பாட்டை இங்கே எடுத்துவருகிறீர்கள் என்றால் அந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்து எடுத்துவாருங்கள். ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் கேட்டால் எதையும் கொடுப்பான். அவன் அப்போது கொடுப்பது பயத்தில். நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நோயாளி பட்டியலை நன்கொடைப் பிரிவுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கும் வழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்.

சட்ட விவரங்களும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடை வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. நம் பையன்கள் அமெரிக்காவிலிருந்து அனுப்புவது இன்னும் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பது ஒரு கணக்கு. குடியுரிமை மாறிவிட்டால் அது வெளிநாட்டுப் பணம், டெல்லியில் ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நல்ல ஆடிட்டர் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

எதற்காகக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியும் எனக்கு ஓர் ஆசை உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று மாநில எல்லை மாறி, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் போனது. பெண் கொடுத்து எடுப்பது இன்றும் இரண்டு பக்கமும்தான். ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்காரருக்கு. ஆந்திராவில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய திட்டம் அந்த மாநிலத்து அட்டைக்காரருக்கு, அதுவும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடுவார்கள்? அது பட்டியலில் இல்லை என்றால் கையிலிருக்கும் அட்டை செல்லாது. தாலியை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் பெருங்கொடையை எல்லை தாண்டி வரும் இந்த நோயாளிகளுக்கான நிதியாக வையுங்கள். இரண்டு பக்கத்து வியாபாரிகளும் கொடுப்பார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டு வேலைக்காரரும் லாரி டிரைவரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நேர்காணலுக்கு வருகிறவர்களை ஒரு காலைப்பொழுது சலுகைக் கவுண்டரில் உட்கார வையுங்கள். யார் அங்கே வாயை மூடிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தேர்வுக் குழுவில் ஒரு வார்டு சிஸ்டரையும், சிகிச்சை முடிந்து போன ஒரு குடும்பத்தையும் சேருங்கள். நம் வட்டாரத்துச் சமூகப் பணித் துறைகளிலும் கல்லூரி பழைய மாணவர்களிலும் இதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய விளம்பரத்தின்படி அவர்களால் விண்ணப்பிக்கவே முடியாது. அதனால் கடைசித் தேதியைத் தள்ளிவைத்து, திருத்திய விளம்பரத்தைத் தமிழ், தெலுங்கு நாளிதழ்களிலும் போடுங்கள். நியமனம் ஆனதும் சொல்லி அனுப்பினால், கொடுத்துவிட்டுத் திரும்பி வராத குடும்பங்களின் வீடுகளுக்கு அவரை நானே கூட்டிப் போகிறேன். பலமநேர் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர்,
குடியாத்தம்