மருமகனுக்கு: கண்டெய்னர் குட்டிக் கம்ப்யூட்டர் இல்லை

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் தக்கலைக் கல்யாணப் பந்தியில், பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "மாமா, கண்டெய்னர்னா கம்ப்யூட்டருக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்." சாப்பிடுகிற இடத்தில் வாதாட வேண்டாமென்று தலையாட்டிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குட்டிக் கம்ப்யூட்டர் என்றால் அதற்கென்று ஒரு கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, வேண்டும். கண்டெய்னருக்கு அது கிடையாது. உள்ளே ஓடுவது சாதாரண பிராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். எந்த பிராசஸுக்கு என்ன எண், எந்த டைரக்டரி எங்கே, எத்தனை நெட்வொர்க் கார்டு, இயந்திரத்தின் பெயர் என்ன என்று அது கேட்கும்போது, லினக்ஸ் கர்னல் அதற்கு மட்டும் வேறு பதில் சொல்கிறது. இப்படிப் பதிலை மாற்றும் வசதிதான் நேம்ஸ்பேஸ், கண்டெய்னர் அதை வைத்துக் கட்டியது.

தக்கலைக்குப் பக்கத்தில்தானே பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். உள்ளே அவர்கள் வைத்ததுதான் சட்டம், திங்கள்கிழமை விடுமுறை. அங்கே அதிகாரியாக இருப்பவர் சாயங்காலம் தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் அவரும் ஒரு பயணிதான். யூசர் நேம்ஸ்பேஸும் இப்படித்தான்: உள்ளே 0 என்ற எண்ணோடு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக உலவுகிறவர், வெளியே 1,00,000 என்பது போன்ற எண்ணுள்ள, அதிகாரம் எதுவுமில்லாத யூசராக இருக்கலாம். இது முழுமையடைந்தது 2013-ல், 3.8 கர்னலில். முதலில் வந்த வகை, எந்த டைரக்டரி எங்கே என்பதைப் பிரிக்கும் மவுன்ட் நேம்ஸ்பேஸ், 2002-ல். பின்னால் வேறு வகைகளும் வரும் என்று எதிர்பார்க்காமல், அதைக் கர்னலிடம் கேட்கும் குறியீடான ஃபிளாக்குக்குப் பொதுவாக 'புது நேம்ஸ்பேஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூத்த மகனுக்குப் 'பிள்ளை' என்று பெயர் வைத்த கதைதான். இப்போது எட்டு வகை இருக்கிறது.

எனக்குப் பிடித்தது, பிராசஸ் எண்களைப் பிரிக்கும் பிஐடி நேம்ஸ்பேஸ். அதுதான் என் ஒரு ராத்திரியைத் தின்றது. நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம். புது நேம்ஸ்பேஸ் உண்டாக்கும் அன்ஷேர் கட்டளையில் பிஐடி மட்டும் கேட்டு, கட்டளைகளைத் தட்ட ஒரு ஷெல் திறந்தேன். முதல் கட்டளை ஓடியது. அடுத்ததற்கு, மெமரி ஒதுக்க முடியவில்லை என்று பதில். பார்த்தால் ரேம் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது! காரணம் விடியற்காலையில்தான் புரிந்தது. அன்ஷேர் செய்த ஷெல் பழைய நேம்ஸ்பேஸிலேயே இருக்கும். அதன் முதல் பிள்ளைதான் புது இடத்தில் 1-ம் எண். அந்த 1 முடிந்துவிட்டால் அந்த நேம்ஸ்பேஸில் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கர்னல் கொன்றுவிடும், புதிதாக யாரையும் பிறக்கவும் விடாது. என் முதல் கட்டளைதான் அந்த 1. ஷெல்லையே அந்த 1 ஆக்கும் ஃபோர்க் ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன். பிராசஸ் விவரங்கள் இருக்கும் ப்ராக் டைரக்டரியையும் புதிதாக மவுன்ட் செய்ய (இணைக்க) வேண்டும் மக்கா, இல்லையென்றால் பிஎஸ் கட்டளை பழைய பிராசஸ் பட்டியலையே காட்டும். ஒன்றுமே பிரியவில்லை என்று ஏமாந்துபோவாய்.

உள்ளே 1 என்று இருப்பதற்கு வெளியே 4312 என்பது போல வேறொரு எண்ணும் உண்டு. ஒரே ஆள்தான், இரண்டு பெயர். உள்ளிருந்து, பிராசஸைக் கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கொடுத்தாலும் அந்த 1 அசையாது. வெளியிலிருந்து 4312-க்குக் கொடுத்தால் போய்விடும்.

மெமரி, சிபியு அளவு கட்டுவது நேம்ஸ்பேஸ் வேலை இல்லை, அது சிகுரூப் என்ற வேறொரு கர்னல் வசதி. அப்புறம், அரண்மனைக்கு உள்ளேயும் வெளியேயும் பெய்வது ஒரே மழை. கர்னலில் ஓட்டை விழுந்தால் எல்லாக் கண்டெய்னருமே நனையும். அதனால்தான் யாரோ கொடுத்த புரோகிராமை ஓட்ட நான் இன்னும் தனக்கென்று கர்னல் உள்ள முழு விர்ச்சுவல் மெஷினையே எடுக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று நீ சிரிப்பாய், சரி.

கடைசியாக, பில்லிங் சாஃப்ட்வேரைச் சோதிக்கக் கண்டெய்னருக்குள் மட்டும் தேதியை மார்ச் 31 ஆக்க முடியுமா என்று கேட்டாயே. டைம் நேம்ஸ்பேஸ் 2020-ல் வந்தது. ஆனால் அது மாற்றுவது, இயந்திரம் ஆன் ஆகி எவ்வளவு நேரமாயிற்று என்பது போன்ற கணக்கை மட்டும்தான். தேதி எல்லோருக்கும் ஒன்றே. அரண்மனைக்கு லீவு வேறாக இருந்தாலும் அங்கேயும் திங்கள் திங்கள்தான். கர்னலைத் தொடாமல் தேதியை ஏமாற்றும் லைப்ரரி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது போட்டுக் காட்டுகிறேன், லேப்டாப்பைச் சார்ஜில் வை.

அன்புடன்,
மாமா