அது பூச்சு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நானோ தொழில்நுட்பக் கட்டுரையில், தங்கத்தின் மேல் கரிம மூலக்கூறுகளை ஒரே அடுக்காகப் 'பூசுகிறார்கள்' என்று இருந்தது. அந்தச் சொல்தான் உறுத்தியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்பது அடிப்பவர் கையில் இருக்கிறது. இங்கே கை வைக்க யாருமே இல்லை. மூலக்கூறுகள் தாமாகவே வரிசைகட்டுகின்றன. இந்த விஷயத்தின் அழகே அதுதான்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இதைப் பலமுறை செய்திருக்கிறேன். தங்கம் படியவைத்த கண்ணாடிச் சில்லை, ஆல்கேன் தயோல் என்ற கந்தகச் சேர்மம் கலந்த எத்தனாலில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவோம். நாற்றம் மூக்கைத் துளைக்கும். காலையில் எடுத்துக் கழுவிப் பார்த்தால், கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும்.

இந்தத் தயோல் மூலக்கூறு ஒரு கார்பன் சங்கிலி; அதன் ஒரு முனையில் கந்தகம் இருக்கிறது. அது தங்கத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் வருபவை தங்கத்தின் மேல் படுத்துக்கொள்கின்றன. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் கூட்டம் ஏற ஏறப் படுத்திருந்தவர்கள் எழுந்துகொள்வார்கள், இல்லையா? அதுபோல, பின்னால் வருபவை நெருக்க நெருக்க இவையும் எழுந்து நிற்கின்றன. அப்புறம் கார்பன் சங்கிலிகள் ஒன்றையொன்று ஈர்த்து, காற்றில் சாய்ந்த நாற்றுபோல செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்து, சுமார் அரை நானோமீட்டர் இடைவெளியில் அணிவகுக்கின்றன. சில நிமிடங்களிலேயே இடம் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஒழுங்குபடத்தான் மணிக்கணக்கில் ஆகும். கந்தகம் பிடிப்பதற்குத் தங்கத்தில் இடம் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒரே அடுக்கு.

1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரால்ஃப் நுஸ்ஸோ, டேவிட் அலாரா இருவரும் டைசல்ஃபைடுகளை (இரண்டு கந்தக அணுக்கள் இணைந்திருக்கும் சேர்மங்களை) தங்கத்தின் மேல் இப்படி அடுக்கவைத்துக் காட்டினார்கள். கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. சங்கிலியின் மேல்முனையில், தண்ணீரோடு ஒட்டாத மெத்தில் தொகுதிக்குப் பதில் தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால், அதே தங்கத்தில் தண்ணீர் பரவிவிடும். மேல்முனையில் எதை வைக்கிறோமோ அதுவே அந்தப் பரப்பின் குணம். உயிரி உணரிகள், அதாவது உயிர்மூலக்கூறுகளைக் கொண்டு பொருள்களைக் கண்டறியும் கருவிகள், செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இதழ் உங்களுடையது. அடுத்த முறை 'தானாக அடுக்கிக்கொள்ளும் ஓரடுக்கு' என்றே எழுதுங்கள். சொல் நீளம்தான், சரி. ஆனால் நடப்பது அதுதான்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை