நிரூபிக்கச் சொல்லாமல் கேட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இனவெறி மனநலத்தை என்ன செய்கிறது என்று சமூகத்துக்குள் கூடிப் பேசிய உரையாடல் வட்டங்கள் ஒரு சுற்று முடிந்திருக்கின்றன. உதவியவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு நன்றி சொல்வதே வழக்கம். இந்த மடலில் ஒரு பெயரும் இருக்காது. யார் உதவினார் என்று தெரிந்தால், யாருக்கு உதவினார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். தம் வேலை எது என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நெறியாளர்களுக்கு. "உறுதியாகத் தெரியுமா?", "அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்", "அவர் எல்லாரிடமும் அப்படித்தான்." இந்த மூன்றும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. இதன் அருமை பாதிக்கப்பட்டவருக்குத்தான் புரியும். முகத்துக்கு நேரே திட்டினால் அது திட்டு என்று தெரிந்துவிடும். கோபம் வரும், அழுகை வரும், என்றாவது அடங்கவும் செய்யும். "எங்கள் மொழியை இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே" என்ற பாராட்டும், பேருந்தில் கடைசிவரை காலியாகவே இருக்கும் பக்கத்து இருக்கையும், கடைக்குள் பின்னாலேயே நடந்துவரும் காவலாளியும் அப்படி அடங்குவதில்லை. அது இனவெறிதானா, நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா என்று மனம் இரவெல்லாம் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970-இல் இவற்றுக்கு வைத்த பெயரைத் தமிழில் நுண்தாக்குதல் என்கிறோம். ஒவ்வொன்றும் சிறியது, ஓயாமல் சேர்வதில்தான் கேடு என்பது அவருடைய வாதம்.

சேர்வது மனதில் மட்டும் இல்லை. அடுத்தது எங்கிருந்து வரும் என்று காத்திருக்கும் உடல், ஒன்றும் நடக்காத நாளிலும் தயார்நிலையிலேயே இருக்கிறது. வெளியே போகுமுன் என்ன உடுத்துவது, தொலைபேசியில் எந்தக் குரலில் பேசுவது, பையை எந்தப் பக்கம் மாட்டினால் சந்தேகம் வராது என்று ஓயாத ஒத்திகை. நெஞ்சு படபடக்கிறது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரப்பின் அன்றாட ஏற்ற இறக்கம் குலைகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது. இந்தக் களைப்போடு வந்து உட்கார்ந்தவரிடம் ஆதாரம் கேட்டால், அவர் இரவில் தன்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வியை வாங்கி நாமும் ஒரு முறை கேட்டதாக ஆகும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்.

நீங்கள் கேள்விகளை அடுக்கிய வரிசைக்கும் நன்றி. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோலில் 9 கேள்விகள் உண்டு. மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, கடையில் உணவகத்தில் சேவை மட்டமாகக் கிடைக்கிறதா, உங்களைக் கண்டு பயப்படுவதுபோல் நடந்துகொள்கிறார்களா, நேர்மையற்றவர் என்று நினைப்பதுபோல் நடத்துகிறார்களா என்று அவை போகும். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகே. வட்டத்திலும் அதே முறை: என்ன நடந்தது, எத்தனை தடவை நடக்கிறது, அதன்பின் உடம்பும் தூக்கமும் எப்படி இருக்கின்றன. காரணத்தைப் பேசுவது கடைசியில், அதுவும் பேசுபவர் விரும்பினால். காரணத்தில் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் வட்டம் நீதிமன்றமாகிவிடும்.

கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றியதுதான் இருப்பதிலேயே கடினம். "புகார் கொடு", "வேலையை மாற்று", "கண்டுகொள்ளாதே" எல்லாம் நல்லெண்ணத்தில் வருபவைதான். ஆனால் சொன்னவர் மனம் லேசாகும், கேட்டவர் மனம் கனக்கும். "இதென்ன, எனக்கு நடந்ததைக் கேளுங்கள்" என்று வலியில் போட்டி தொடங்கிய இடங்களில், முதலில் பேசியவரிடமே பேச்சைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

அடுத்து மனநல மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும். உங்கள் துறையின் பழைய கணக்கை மறைக்காமல் மேசையில் வைத்தீர்கள். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோய் என்று எழுதினார். ட்ரேப்டோமேனியா என்று பெயர் வைத்து, சவுக்கடியைச் சிகிச்சையாகவும் பரிந்துரைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் துறையின் இனவெறி வரலாற்றுக்காக மன்னிப்புக் கேட்டது 2021 ஜனவரியில்தான். இதைத் தெரிந்தவர் மனநல மருத்துவரைக் கண்டு தயங்குவதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

நோய்ப்பெயர் சூட்டும் அவசரம் உங்களிடம் இல்லை. இனவெறியால் நொந்துபோவது நோயாகாது. அதே சமயம் அந்த நோவு மனச்சோர்வாகவோ பதற்றக் கோளாறாகவோ முற்றினால் அதற்குச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொன்னீர்கள். பலர் குழம்பும் இன்னொரு இடத்தையும் தெளிவாக்கினீர்கள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-இன்படி பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு, என்று குறிக்க, மரணமோ மரண அச்சுறுத்தலோ கடும் காயமோ பாலியல் வன்முறையோ நடந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அவமானம் அந்தக் கட்டத்துக்குள் வராது. "உங்களுக்கு அந்த நோய் இல்லை" என்று கேட்டு வந்தவர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று புரிந்துகொண்டு வீடு திரும்புவது இங்கேதான். கட்டத்தில் அடங்காவிட்டாலும் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் உதவி கேட்கலாம் என்று நீங்கள் சொன்னது பலருக்குக் கதவைத் திறந்தது. 1983 முதல் 2013 வரை வெளியான 293 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், இனவெறிக்கு உடல்நலக் குறைவோடு இருக்கும் தொடர்பைவிட மனநலக் குறைவோடு இருக்கும் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டிலேயே கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒரு தகவலே பெரிய ஆறுதல்.

எப்போது தாமதிக்கக்கூடாது என்பதையும் வளைக்காமல் சொன்னீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தது எதிலும் பிடிப்பில்லை என்றால், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் நேரம் குறித்துப் போய்ப் பார்க்க வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, துணையோடு. நெஞ்சுவலி என்றால் 'டென்ஷன்' என்று தள்ளிவிடாமல் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். இனவெறியைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் எல்லா வலிக்கும் அதையே காரணமாக்கும் ஆபத்தும் இருக்கிறதல்லவா.

யாரையும் வற்புறுத்திப் பேச வைக்கவில்லை என்பதற்கும் சேர்த்து நன்றி. அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்கார வைத்து, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லும் ஒற்றை அமர்வு முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்த நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்ற மூன்றோடு நின்றுகொள்கிறது. வட்டத்தில் வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் போனவர்களும் வட்டத்தில் பங்கேற்றவர்கள்தான்.

மொழிபெயர்த்தவர்களுக்கு: வசைச்சொல்லை நாகரிகமாக்காமல், சொன்னதைச் சொன்னபடியே கொண்டுசேர்த்தீர்கள். அந்தச் சொல்லை மழுப்பினால், கேட்பவருக்கு இதற்கா இவ்வளவு நொந்தார் என்று தோன்றும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்காமல் "நான்" என்றே பேசியதும், பேசுபவருக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்து இருவர் கண்களும் சந்திக்க விட்டதும் பயிற்சியின் பலன். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று நீங்கள் பிடித்த பிடிவாதம் சரி. அப்பா பட்ட அவமானத்தை மகள் தன் வாயால் சொல்ல நேர்வது இருவருக்கும் தீங்கு. பாதியை அப்பாவே மறைத்தும் விடுவார். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்ளும் முறையும் அவசியமானது. களைத்த மொழிபெயர்ப்பாளர் சுருக்கத் தொடங்குவார், சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது உணர்ச்சி.

மூத்தவர்களுக்கு ஒரு தனி வணக்கம். "நாங்களெல்லாம் பொறுத்துக்கொண்டோம்" என்று தொடங்கி, எதையெல்லாம் பொறுத்தோம் என்று முடித்தீர்கள். இளையவர்கள் அதை முதன்முறையாகக் கேட்டார்கள். முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் உட்காரலாம் என்ற யோசனையும் உங்களுடையதே. தொடக்கத்திலேயே கலந்திருந்தால் ஒரு பக்கம் "கோழைத்தனம்", மறுபக்கம் "வாய்த்துடுக்கு" என்று போயிருக்கும். "அவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்துக் காட்டு" என்ற குடும்ப அறிவுரை அலசப்பட்டபோது நீங்கள் கோபப்படவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1980-களில் இந்த ஓயாத முயற்சிக்கு ஜான் ஹென்றியிசம் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். வசதியும் ஆதரவும் குறைந்தவர்களிடம் அது உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து காணப்படுவதை அவருடைய ஆய்வுகள் காட்டின. உழைப்பு தப்பில்லை. தனியாளாக அதைச் சுமக்கச் சொல்வதுதான் உடம்பைத் தின்கிறது.

நம் வட்டத்துக்குள்ளேயே நிறமும் சாதியும், யார் முன்னால் வந்தவர் யார் பின்னால் வந்தவர் என்ற கணக்கும் உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டியவர்களுக்கும் நன்றி. அதைச் சொன்னவர்களுக்கு அன்று கைதட்டல் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு முடியவில்லை, முடிந்ததாக நாங்கள் எழுதவும் போவதில்லை.

பெற்றோருக்கு: தோல் நிறத்துக்கு உலகம் போடும் மதிப்பைக் குழந்தைகள் பள்ளி செல்லும் முன்பே பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்துச் செய்த ஆய்வில் பலரும் வெள்ளை நிறப் பொம்மையையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் அந்த ஆய்வு இடம்பெற்றது. ஆகவே பேசாமல் இருந்தால் குழந்தைக்குத் தெரியாது என்பது நம் ஆறுதலுக்கு மட்டுமே. "நீ செய்த தப்பு எதுவும் இல்லை, சொன்னது நல்லது, இனி நடந்தாலும் சொல், ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்." இவ்வளவு போதும். "யாரையும் நம்பாதே" என்ற எச்சரிக்கையை மட்டும் தினமும் ஊட்டினால் பயம்தான் வளரும்.

வன்முறைக் காணொளிகள் குழுக்களில் சுற்றுவதை நிறுத்த மெனக்கெட்டவர்களே, உங்கள் வேலை வெளியில் தெரியாத வேலை. ஆயுதமற்ற கறுப்பினத்தவரைக் காவல்துறை கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, அதே மாநிலத்தில் வாழும் கறுப்பினத்தவரின் மனநலம் அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் மோசமானதை லான்செட் மருத்துவ இதழில் 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெள்ளையரிடம் அந்த விளைவு தெரியவில்லை. அடி வாங்காதவருக்கும் வலி போய்ச் சேருகிறது என்னும்போது செய்தியைச் சொல்லுங்கள், படத்தை அனுப்பாதீர்கள் என்ற உங்கள் கோரிக்கை நியாயமானது.

இனவெறியைச் சந்திக்காத நண்பர்கள் முதல் அமர்வுகளுக்கு அழைக்கப்படவில்லை. அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டீர்கள். பின்னர் வந்தபோது "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று தொடங்கவும் இல்லை, அழுது மற்றவர்களைத் தேற்ற வைக்கவும் இல்லை.

இடம், நேரம், காகிதம் பார்த்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு வட்டத்துக்கு 8 முதல் 12 பேர், இரண்டு நெறியாளர்கள், 90 நிமிடம். அதில் கடைசி 15 நிமிடத்தில் புதுக் கதை தொடங்கக்கூடாது; கனமான பேச்சோடு ஒருவரைத் தெருவில் இறக்கிவிட்டால் அன்றிரவு அவர் தூங்கமாட்டார். கதவருகே எப்போதும் ஒரு காலி நாற்காலி, எழுந்து போனவர் திரும்பி வந்து அமர. ரகசியம் காப்போம் என்று வாக்களிக்கும் முன்பே அதன் எல்லையை வாசித்தீர்கள்: உயிருக்கு ஆபத்து என்றாலோ குழந்தைக்குத் தீங்கு என்றாலோ வெளியே சொல்ல நேரும். இதைப் பிறகு சொன்னால் அது துரோகமாகவே படும்.

புகார் கொடுக்க விரும்பியவர்களுக்குக் குறிப்பெழுதக் கற்றுத்தந்தவர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுதுவது. தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள். எழுதியதும் மூடி வைத்துவிடுவது. அதைத் தினமும் எடுத்துப் படித்தால் ஆறும் புண்ணைக் கீறுவதாகும். புகாரே ஒரு நீண்ட அலைச்சல், பல சமயம் நடந்ததைவிட அதுதான் களைக்க வைக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி, விசாரணைக்குக் கூடப்போக ஒருவரையும் ஏற்பாடு செய்தீர்கள்.

கடைசியாக, கூட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் வாரம் கழித்து ஒரு முறையும் தொலைபேசியில் அழைத்து, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு. வருகைப் பதிவுத் தாள்கள் கிழித்து அழிக்கப்பட்டுவிட்டன. ஆலோசகர்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்கப்படும். எண்ணோ நேரமோ கட்டணமோ மாறியிருந்தால், புதியவர்களை ஏற்பதை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து உடனே தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்புக் குழுவினர்